வேட்டியைப் பாயாக்கி ஆலாப் பாறைக்கு

எருமை குளிக்கும் குளத்தில் எனக்குக் கடல் நோய் கண்டு வாந்தி எடுத்தேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. கரையில் பார்த்தவர்கள் தென்காசி முழுக்க ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எனக்கு வயது ஐம்பத்து நான்கு.

போனது கடந்த ஆனியில், குற்றாலத்தில் சாரல் பிடித்த வாரம். காரணம் என் அத்தான். அக்காவைக் கட்டியவர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்தன்று, பதினோரு வயதுப் பையனான என் தோளில் கைபோட்டு, "மாப்ள, ஒன்னையப் பாய்மரப் படகுல ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போயி ஆலாப் பறவையைக் காட்டுதேன்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் ஆலாவைப் பற்றிப் புதுக் கதையோடு வருவார். படகு மட்டும் வரவில்லை. இப்போது மேலகரம் வீட்டைக் காலி செய்துவிட்டு, மகனோடு இருக்க நாக்பூருக்குக் கிளம்புகிறார். அங்கே கடலும் இல்லை, சாரலும் இல்லை. இந்த வாரத்தை விட்டால் அந்த வாக்கு அப்படியே நின்றுபோகும். அவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். "கடலுக்குப் போவ நேரமில்ல. குளத்துல பாத்துருவமா?" என்று அவரே கேட்டார்.

தென்காசி பேருந்து நிலையத்திலிருந்து செங்கோட்டை சாலையில் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ இருநூறு ரூபாய். குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் குடும்பத்தோடு போய்ப் பறவைகளுக்கு முறுக்குப் போடுவீர்கள். நடுக்குளத்தில் ஒரு நீளப் பாறை, அதன் ஒரு முனையில் இரண்டு கருவேல மரம். வழியில் பார்டர் கடையில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டது என் சொந்த முடிவு.

குளத்தில் மீன் பிடிக்கிற அண்ணாச்சி, தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் வைத்துத் தைத்த தெப்பத்தை முந்நூறு ரூபாய்க்குத் தந்தார். அத்தான் ஒரு மூங்கிலை நட்டு, தன் எட்டு முழ வேட்டியை அதில் கட்டினார். இதற்காகவே உள்ளே கால்சட்டை போட்டு வந்திருக்கிறார்.

"காத்து மேக்க இருந்துல்லா அடிக்கு. போறது லேசு. வாரதுக்கு என்ன செய்வீரு?" என்றார் அண்ணாச்சி.

"நேவிக்காரன்ட்டயே கேக்கீரா?" என்றார் அத்தான்.

செங்கோட்டைக் கணவாய்க் காற்று வேட்டியில் ஒரு அறை விட்டது. தெப்பம் ஆடியது, குதித்தது, பரோட்டா வெளியே வந்தது. அத்தான் மூங்கிலை இறுக்கிப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. மறு கையில் ஒரு எலுமிச்சம்பழம். அதை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மாலுமிகளின் பழக்கம் போலும் என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டேன்.

ஏழு நிமிடத்தில் கருவேல மரத்தில் போய் முட்டினோம். தெப்பத்தைக் கட்டியதும் அவருக்குக் குரல் திரும்பியது. "ஏ மாப்ள, மீனுக்கு விருந்து வச்சுட்டியே."

பாறையின் மறு முனையில் இருந்தன ஆலாக்கள். கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு, கத்தரிக்கோல் வால். பழுப்புப் புள்ளி போட்ட குஞ்சு ஒன்று, பறக்கும் வயது வந்தும் உட்கார்ந்த இடத்திலேயே வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தது.

"இப்ப பாரு," என்று அத்தான் கிசுகிசுத்தார். "தாய் மீனோட வரும். ஆனா குடுக்காது. தலைக்கு மேல சுத்திட்டே நிக்கும். எந்திச்சுப் பறந்து வந்தாத்தான் மீனு."

தாய் செங்குத்தாக விழுந்து ஒரு மீனோடு எழுந்தது. குஞ்சின் தலைக்கு மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. குஞ்சு திட்டியது. மூன்றாம் சுற்றில் பொறுக்காமல் எழும்பி, காற்றில் சறுக்கி, மீனை வாங்கிக்கொண்டது. நாற்பது வருடம் முன்பு எங்கள் வீட்டு நடையில் கையை விரித்து அவர் நடித்துக் காட்டிய அதே சறுக்கல். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கதை தலைகீழ்லா மாப்ள. அங்க குஞ்சு கூப்பிடுதான், கெழவன் பறந்து போவுதேன்."

என் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

திரும்புவதற்கு நேவியில் வழி இருக்கவில்லை. வேட்டியை எப்படித் திருப்பினாலும் தெப்பம் கிழக்கே போகத்தான் பார்த்தது. இரண்டு மணி நேரம் கழித்து அண்ணாச்சி இன்னொரு தெப்பத்தில் கயிறோடு வந்தார். கரையில் நாலு பேர் தேர் இழுப்பது போல எங்களை இழுத்தார்கள். டீச் செலவு அறுபது ரூபாய்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி முதல் வைகாசி வரை பாறைப் பக்கமே போகாதீர்கள், முட்டையிடும் காலம். நீச்சல் தெரியாதவர்கள் கரையிலிருந்து பைனாகுலரில் பாருங்கள். கயிறு கொண்டு போங்கள். பரோட்டாவைத் திரும்பி வந்து சாப்பிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ரயிலேற்றப் போனேன். அத்தான் தண்ணீர் வாங்க இறங்கியபோது, ஜன்னலோர அக்காவிடம் அவருடைய கடல் அனுபவத்தைப் புகழ்ந்தேன்.

"ஏலே, அவிய எங்க கடலுக்குப் போனாவ?" என்றாள் அக்கா. "மொத நாளே கப்பல்ல வாந்தி எடுத்து, கரையில பட்டறை வேலைக்குப் போட்டுட்டாங்க. ஆலாவெல்லாம் சின்ன வயசுல அந்தக் குளத்துல எருமை மேய்க்கையில பாத்தது."