கைராசிக்காரி இழுத்த கைப்பிடி

அக்கா, ஆயுத பூசை அன்று பாக்டரியில் தேயிலை உருட்டும் ரோலரை ஓடவிட்டது நீ. நான் இல்லை. இத்தனை வருஷம் கழித்து எதற்கு இது என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வாயால் சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பா பாக்டரியில் வயர்மேன். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, அப்போது கரண்ட் வரவில்லை. பாக்டரிக்குள் எங்களை விடவும் மாட்டார்கள். ஆயுத பூசைக்கு மட்டும் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் உள்ளே போகலாம். அன்றைக்கு மிஷின்களுக்கு ஓய்வு. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைமரம் கட்டிப் பூசை போடுவார்கள். சாயங்காலம் கலர் பல்பு எரியும்.

பல்புச் சரங்களை அப்பாதான் செய்வார். சின்னச் சின்ன டார்ச் லைட் பல்புகளை வயரில் வரிசையாகச் சேர்ப்பார். ஒவ்வொன்றின் மேலும் கலர் கண்ணாடித்தாளைச் சுற்றி ஒட்டுவது என் வேலை. நீ கிட்டே வரமாட்டாய். கையில் பசை ஒட்டும் என்பாய்.

சரம் கட்டியவர் வீட்டுப் பிள்ளைதான் விளக்கைப் போட வேண்டும் என்பது எங்கள் பாக்டரியில் வழக்கம். ஒவ்வொரு வருஷமும் நீதான் போட்டாய். அந்த வருஷம் தாளை ஒட்டிக்கொண்டே அப்பாவிடம் கேட்டேன்.

"இந்தத் தடவ நான் போடுதேம்ப்பா."

அப்பா வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரியவ போடட்டும்மா. அவ கைராசிக்காரி."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். "இவ கைய வச்சா இருக்க கரண்டும் போயிரும்."

நீயும் சிரித்தாய்.

கைராசி. நீ நட்ட பீன்ஸ் கொத்துக் கொத்தாகக் காய்த்ததாம். நீ உப்புப் போட்டால் குழம்பு கெடாதாம். பக்கத்து வீட்டு மாட்டை நீ தடவிக் கொடுத்த பிறகுதான் அது சினை பிடித்ததாம். நான் நட்ட பீன்ஸும்தான் காய்த்தது. பறித்துத் தின்றார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பொறாமை. அதை மறைக்க மாட்டேன். நீ சோறு பிசையும்போது உன் விரல்களையே பார்ப்பேன். என் விரலைப்போலத்தான் இருந்தன. நகக்கண்ணில் அழுக்குகூட அதே அழுக்கு. அப்படியிருக்க உன் கைக்கு மட்டும் என்ன வந்தது என்று வயிறு எரியும்.

பூசை அன்று யாரோ சுவிட்சுப் பலகையையும் விட்டுவைக்கவில்லை. அதுவும் ஆயுதம்தானே என்று மாவிலை கட்டி, கைப்பிடிகள் மேல் வழிய வழியச் சந்தனம் அப்பிவிட்டார்கள். எது ரோலருக்கு, எது விளக்குக்கு என்று கீழே எழுதியிருந்ததெல்லாம் சந்தனத்துக்குள் போய்விட்டது. சரம் எரிய வேண்டும் என்பதால் அப்பா மெயினைப் போட்டு வைத்திருந்தார். கற்பூரம் காட்டி முடிந்தது. எல்லாரும் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சரங்களைப் பார்த்து நின்றார்கள். பலகைக்கு முன்னால் நீ. உன் கை எப்படித்தான் இழுக்கிறது என்று பார்க்க உன்னை ஒட்டி நான்.

"போடு தாயி, இடது பக்கத்துல உள்ளது," என்று அப்பா அந்தக் கோடியிலிருந்து சொன்னார்.

நீ வலது பக்கத்தை இழுத்தாய்.

விளக்கு எரியவில்லை. ரோலர் சுற்றியது. அதன் காலில் கட்டியிருந்த வாழைமரம் முறிந்தது. மேலே வைத்திருந்த பொரித் தட்டு பறந்துபோய், பாக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் வேட்டியில் விழுந்தது. தேங்காய் உருண்டு ஓடியது. அப்பா ஓடிவந்து நிறுத்தினார்.

"ஆராணு இது? பூசைக்கு வச்ச மிஷின ஆரு ஓட்டுனது?" என்றார் மலையாளத்துக்காரரான டீ மேக்கர்.

நீ யோசிக்கவே இல்லை. "இவதாம்ப்பா. நான் கை வைக்கதுக்குள்ள இழுத்துட்டா."

"நான் இல்ல," என்றேன்.

"காலையில இருந்தே இவ மூஞ்சி சரியில்ல," என்றாள் அம்மா. "எரிச்சல்ல பண்ணிட்டா மூதேவி."

உன் உள்ளங்கை முழுக்கச் சந்தனம். அதைப் பின்னால் கொண்டுபோய்ப் பாவாடையில் துடைத்தாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கை வெறுங்கை. விரித்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. உன் கை தப்புச் செய்யாது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பொறாமை என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மிஷினைத் திரும்பவும் துடைத்துப் பூ வைத்தார்கள். பலகைச் சந்தனத்தை வழித்துவிட்டு உன்னையே மறுபடி போடச் சொன்னார்கள். போட்டாய். நான் வெளியே பனிமஞ்சில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான் ஒட்டிய தாள்தான் அத்தனையும் எரிந்தது. நீ அப்பா தோளில் சாய்ந்து பொரி தின்றாய். அம்மா உன் தலையைத் தடவினாள். அந்த வெளிச்சத்தில் மூன்று பேரும் அவ்வளவு அழகாக இருந்தீர்கள். நான்காவது ஆள் தேவையில்லாத குடும்பம்போல இருந்தீர்கள்.

அடுத்த வாரம் அப்பாவை வயர்மேன் வேலையிலிருந்து எடுத்து, தேயிலை உலர்த்தும் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளப் போட்டார்கள். அந்தப் புகையில் இருமத் தொடங்கியவர் கடைசிவரை இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் அம்மா என்னைத்தான் பார்த்தாள். நீ அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

பிறகு லயத்தில் எந்த நல்ல காரியம் என்றாலும் உன்னைக் கூப்பிட்டார்கள். பொண்ணுக்கு வளையல் போட நீ. கடை திறந்தால் முதல் சாமான் வாங்க நீ. என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள். என் சொந்த மகளுக்குப் பேர் வைக்கும்போது முதலில் நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைத்தது நீ. என் மாமியார் கேட்டுக்கொண்டாளாம்.

தை மாதம் உன் மகன் போடியில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். பத்திரிகை வந்தது. அடுப்பை நீதான் பற்றவைப்பாய், தெரியும். நான் வருகிறேன். வாசலில் நிற்க மாட்டேன். உன் பக்கத்தில் வந்து நின்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்பேன். அன்றைக்கு யார் கையில் சந்தனம் இருந்தது?

எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல். அதற்கப்புறம் பாலைக் காய்ச்சு.