மறுபடியும் முதல் சரணம்

லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்பதுதான். கிழக்குத் தாம்பரத்தில் கடை வைத்திருக்கும் நான் இப்போதெல்லாம் அதை நம்பிவிடுகிறேன். கீபோர்டில் மேல் அம்பையும் கீழ் அம்பையும் ஒரே பொத்தானின் இடத்தில் நெருக்கி வைத்தது நாமா? கீழே போக நினைத்து மேலே போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நீங்களும் நம்மாள்தான்.

ரிமோட் வேண்டாம்

ஸ்டெல்லா டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு வரிகளை லேப்டாப்பிலிருந்து திரையில் காட்டுவது அவர் பொறுப்பு. கண் திரையில் இருக்கும், விரல் தடவித் தடவி மேல் அம்பைத் தட்டிவிடும். இரண்டாம் சரணம் வரவேண்டிய இடத்தில் பல்லவி வரும். பதறிக் கீழே தட்டினால் மறுபடியும் முதல் சரணம். திரை காட்டுவதைச் சபை மறுபேச்சில்லாமல் பாடும். பல வாரங்களாக இதே கதை.

இந்த ஞாயிறும் தப்பினால் வேறு ஆளைப் போடுவதாகப் பாஸ்டர் சொல்லிவிட, லேப்டாப்போடு என் கடைக்கு வந்தார். திரையில் பக்கம் மாற்ற ஒரு ரிமோட் வாங்கிக்கொள்ளுங்களேன் என்றேன். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "ரிமோட் வந்துட்டா பாஸ்டரே அமுக்கிக்குவார், தம்பி. ரிட்டயர் ஆனப்புறம் என்னை நம்பிக் குடுத்த ஒரே நாற்காலி அது."

மேடவாக்கத்து அதிசயம்

அப்போது கடையில் மேடவாக்கத்து ஐ.டி. பையன் ஒருவன் இருந்தான். ஆசை ஆசையாக வாங்கிய குட்டிக் கீபோர்டில் தட்டித் தட்டி மணிக்கட்டு வலி கண்டு, அதை விற்க வந்திருந்தான். டீச்சரின் கஷ்டத்தைக் கேட்டு, "இத வெச்சுக்கோங்க ஆன்ட்டி" என்று நீட்டினான்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேடினார். அம்புகளையே காணோம். மூலையில் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வேறொரு எழுத்தைத் தட்டினால் கீழே போகும் என்று அவன் விளக்கினான். "இதுக்குப் பாட்டுப் புத்தகத்தையே பிரிச்சுக்கலாமேப்பா!"

சிவப்புப் பொட்டு

எனக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, கீழ் அம்பில் ஒரு சொட்டு வைத்துக் காயவைத்தேன். மேலே இன்னொன்று, இன்னொன்று என்று மேடாகும்வரை வைத்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். விரல் நேராகப் பொட்டில் போய் நின்றது. "விடை வந்துடுச்சு, தம்பி!"

அந்த ஞாயிறு

மனசு கேட்காமல் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் சரணம் முடிந்தது. டீச்சர் பொட்டைத் தட்டினார். திரையில் அழகாக இரண்டாம் சரணம் வந்தது.

சபை பல்லவிக்குப் போய், மறுபடியும் முதல் சரணத்தைப் பாடியது. திரையை யாரும் பார்க்கவில்லை. இத்தனை வாரப் பழக்கம், மனப்பாடமாகவே வந்துவிட்டது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலி போயே போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த நொடி அவர் நிமிர்ந்து, வேண்டுமென்றே மேல் அம்பைத் தட்டி, முதல் சரணத்துக்குத் திரும்பிச் சபையைப் பிடித்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் நேராக அவரிடம் வந்தார். "அடுத்த வாரமும் நீங்களே உக்காருங்க டீச்சர். இவங்க எப்போ எங்க போவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுது."

மறுநாள் கடை திறந்ததும் டீச்சர் வந்து, சபை பின்னால் போனால் பிடிக்க வேண்டுமென்று மேல் அம்பிலும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். ஆக, இப்போது இரண்டு அம்பும் தடவிப் பார்த்தால் பழையபடி ஒரே மாதிரிதான், என் பிழைப்புக்கும் குறைவில்லை.