குடோனில் பதிவான ஏழு பாட்டுகள்

"மிக்ஸிய நிறுத்துன்னு எத்தன வாட்டிம்மா சொல்றது? உள்ள டேக் போயிட்டிருக்கு!"

கத்தியது என் மகள் தீபா. சட்னி இல்லாமல் உன் டிரம்மர் இட்லியைத் தொடமாட்டான், நான் என்ன செய்யட்டும் என்று நானும் கத்தினேன். வீட்டிலேயே ஆல்பம் பதிவு செய்யும் குழுவுக்குச் சோறு போடுவது, சம்பளமில்லாத, லீவில்லாத, தாளிக்கும் சத்தம்கூட வெளியே வரக்கூடாத உத்தியோகம். பிள்ளைகளின் கலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் மூச்சைப் பிடித்து நிற்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மூட்டைச் சுவர்

என் கணவர் உத்திரமேரூரில் நெல் வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் குடோன். அங்கேதான் தீபாவின் பங்க் ராக் குழு வந்து இறங்கியது. பாட்டும் கிட்டாரும் தீபா, டிரம்ஸ் கடைத்தெரு சலீம். ஆட்கள் இரண்டே பேர், சத்தம் இருபது பேருக்கு. பாட்டு இரண்டு நிமிடம்தான். அதற்குள் ஊரிலுள்ள எல்லார் மேலும் கோபப்பட்டு முடித்துவிடுவார்கள்.

தகரக் கூரை, வெறும் சுவர். கை தட்டினால் நாலு தடவை திரும்பி வந்தது. சலீம்தான் நெல் மூட்டைகளைச் சுற்றிலும் ஆளுயரத்துக்கு அடுக்கச் சொன்னான். மூட்டை எதிரொலியைக் குடித்துவிடுமாம். நிஜமாகவே குடித்தது. அடுக்கிக் கொடுத்த குடோன் ஆள் ஏழுமலை, முதல் பாட்டு முடிந்ததும் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்லதும்மா, இத்த கேட்டா ஒரு எலி இந்தப் பக்கம் வராது. மருந்து வைக்கற வேல மிச்சம்."

தெளிவாகப் பாடு

நான் கான்வென்டில் படித்தவள். கொயரில் பாடும்போது மூச்சு எங்கே விடவேண்டும் என்று சிஸ்டர்கள் ஸ்கேலோடு நின்று சொல்லிக் கொடுத்தார்கள். நாலாவது பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பொறுக்கமுடியாமல் கதவைத் திறந்து, "கத்துவதென்றாலும் தெளிவாகக் கத்து" என்றேன். பதிவாகிக்கொண்டிருந்த டேக் வீண். தீபா சலீமின் கையிலிருந்த டிரம்ஸ் குச்சியைப் பிடுங்கி என்மேல் எறியாததுதான் பாக்கி.

சலீம் மட்டும் பொறுமையாகக் கேட்டான்: "கோவம் வந்தா நீங்க தெளிவா திட்டுவீங்க ஆன்ட்டி. எல்லாராலயும் முடியுமா இன்னா?"

லாரி

ஏழு பாட்டு முடிந்தது. கடைசியாகப் பதிவாக வேண்டிய எட்டாவது என்னைப் பற்றியது. ஒத்திகையில் சுவர் வழியாகக் கேட்டேன். நாளெல்லாம் நான் சொல்வதையே வரிசையாகப் போட்டிருந்தாள். "நாலு பேர் என்ன சொல்வாங்க, துப்பட்டாவ போடு, வாய மூடு." பாதிக்கு மேல் கேட்க மனமில்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை சலீமின் துபாய் வேலைப் பேப்பர் விஷயமாக இருவரும் காஞ்சிபுரம் போனார்கள். கணவர் மானாம்பதியில் அறுவடை பார்க்கப் போயிருந்தார். மில்காரர் போன் செய்தார், லாரி காலியாக இருக்கிறது, நெல் மூட்டைகளை ஏற்ற அனுப்பலாமா என்று. அனுப்புங்கள் என்றேன். நல்ல விலை என்று எல்லாரிடமும் சொன்னேன். விலை நல்ல விலைதான். ஆனால் விலையை நான் கேட்டது லாரி கிளம்பிய பிறகு.

மத்தியானம் இருவரும் திரும்பி வந்து பார்த்தால் வெறும் குடோன். மெத்தை, போர்வை, என் பட்டுப்புடவைகள்கூடக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. சலீமுக்கு மறுநாள் விமானம். அவன் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "ஏழு போதும் ஆன்ட்டி, வுடுங்க. சாயங்கால நாஷ்டாக்கு இன்னா?"

மிச்சம்

ஆல்பம் வெளியானது. எங்கிருந்தோ பிள்ளைகள் தீபாவுக்குப் பாராட்டி எழுதுகிறார்கள். ஏழு பாட்டும் எனக்கு மனப்பாடம். தீபா பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தபடி ஒன்று சொன்னாள்.

"முழுசா கேட்டிருக்கணும்மா. அது உன்ன திட்டற பாட்டு இல்ல."

ஊரையே நிறுத்தித் தெளிவாகப் பேசு என்று அதட்டுகிற நான், ஞாயிறுதோறும் போனில் கெஞ்சாத குறையாக, "அந்த எட்டாவதோட மீதிப் பாதிய ஒரே ஒரு தடவ பாடிக் காட்டேன் தீபா" என்று கேட்கிறேன், அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது.