சுவரில் நீண்ட கை

திருவொற்றியூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சபை. பாஸ்டர் பேசுவது ஊருக்குள் இருக்கும் பெரிய சபையில். அதை வீடியோ எடுத்து பென் டிரைவில் அனுப்புவார்கள்; நாங்கள் அடுத்த ஞாயிறு புரொஜெக்டரில் சுவர்மேல் போட்டுப் பார்ப்போம். அவர் "அல்லேலூயா சொல்லுங்க" என்றால் சுவரைப் பார்த்துச் சொல்வோம். நடுவில் அவர் தண்ணீர் குடித்தால் மரியாதையாகக் காத்திருப்போம். கீழே கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், அவருக்கு இடைஞ்சல் என்று ஜன்னலைச் சாத்துகிற பெரியவர்கூட உண்டு.

பெரிய கூத்து கடைசியில்தான். ஜெபிக்க பாஸ்டர் கேமராவை நோக்கிக் கையை நீட்டுவார். அங்கே வீடியோவை நிறுத்திவிடுவார்கள். திறந்த வாயும் பாதி மூடிய கண்ணுமாக அவர் அப்படியே நிற்க, சனம் வரிசையாகப் போய்ச் சுவரோரம் நின்று அந்த வெளிச்சக் கையைத் தலையில் வாங்கிக்கொள்ளும். நெட்டையானவர்கள் முழங்காலை மடக்க வேண்டும். குள்ளமானவர்களுக்கு பிளாஸ்டிக் ஸ்டூல். என் அம்மா ஸ்டூல் கட்சி.

அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன், திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், இனி தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முந்தின நாள் ஞாயிறு, சபையில் ஓடிய வீடியோவோ கை நீட்டுவதற்கு முன்பே அறுந்து நின்றது.

"கை வெக்காம ஆஸ்பத்திரி வாசல மிதிக்கமாட்டேன்" என்றாள் அம்மா.

"போன வாரத்தது இருக்கும்மா, அதப் போடச் சொல்றேன்."

"போன வாரக் கை போன வாரத்து நோவுக்குடா."

எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பெரிய சபைக்கு ஓடி, கெஞ்சிக் கூத்தாடி, சாயங்காலம் பாஸ்டரையே மாடிக்கு அழைத்து வந்தேன். ஆள் குள்ளம். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடா, இம்மாந்துண்டு கீறாரு? இவர புடிச்சி சொவுத்துல போடு."

மானம் போயிற்று. ஆனால் பாஸ்டர் கோபிக்கவில்லை. சுவரோரம் நின்று கையை நீட்டினார். நான் போனில் எடுத்து, புரொஜெக்டரில் போட்டு நிறுத்தினேன். அம்மா ஸ்டூலில் ஏறி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள். சுவரை நிறைத்து நின்ற தன்னையே பாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் போய் அம்மா பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

"எனக்கு யாரும்மா கை வெக்கிறாங்க?"

ஆனால் அவர் உயரத்துக்கு அந்தக் கை எட்டவில்லை, தலைக்கு மேலே வெறும் சுவரில்தான் விழுந்தது. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். ஸ்டூலில் நின்றபடியே தன் கையை அவர் தலையில் வைத்து, எனக்காகக்கூட அப்படி ஜெபித்ததில்லை, அவ்வளவு நேரம் ஜெபித்தாள்.

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம்டா, அந்தாளே பயந்துகினு கீறாரு. நாளைக்கு எத்தினி மணிக்குப் போவணும்?"