தேய்மானம் பார்க்கும் ரொஹானா

வண்டிக்காரர் தலைக்கவசத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதற்குள் ரொஹானா குனிந்து, பின்சக்கரத்தை இடக்கையால் மெல்லச் சுழற்றி, வலக்கைப் பெருவிரலை ரப்பரின் மேல் ஓட விடுகிறார்.

"பின்னாடி சாமான் கட்டுறீங்க. நெறைய கட்டுறீங்க. காத்து மட்டும் அடிக்கிறதே இல்ல, சரியா?"

வந்தவர் லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். டயரின் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது. இரண்டு ஓரங்களும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. காற்று குறைந்த டயர் பாரத்தில் அமுங்கி ஓரத்தாலேயே ஓடும் என்பது அவருக்கும் தெரிந்ததுதான். காற்றடிக்கத்தான் தோன்றுவதில்லை.

மலையூரான பிரிஞ்சாங்கில் பெரிய தெருவுக்குப் பின்புறம், அரைக் கடை அகலத்தில் இருக்கிறது ரொஹானாவின் டயர் கடை. பக்கத்தில் அவருடைய கணவர் ஸுல்கிஃப்லியின் சாப்பாட்டுக் கடை. ரப்பர் வாடையும் ரொட்டி வாசமும் கலந்துதான் தெருவுக்கு வரும். ரொஹானாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. முக்காட்டின் நுனிகளைச் சட்டைக் கழுத்துக்குள் செருகியிருப்பார். சக்கரம் சுற்றும் இடத்தில் துணி தொங்கக்கூடாது. பேச்சில் 'இருக்கலாம்', 'போலத் தெரிகிறது' எல்லாம் வராது. சொல்வதை முடிவாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

"மேட்டுல பிச்சிக்கிட்டு ஏறுறவனுக்கு பின்டயரு நடுவுல தேயும். வளைவுல படுத்து ஓட்டுறவனுக்கு ஓரம். பிரேக்க மிதிச்சே எறங்குறவனுக்கு அங்கங்க தட்டையா இருக்கும். நான் டயர பாக்கல லா, அவனோட கால பாக்குறேன்."

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "மாசத்த ஏன் கேக்குறீங்க? ஒங்க காலக் கேளுங்க." பிறகு டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறிய மேட்டைத் தொட்டுக் காட்டுவார். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

கல்யாண வீட்டுக்குப் போனால் உள்ளே நுழைவதற்கு முன் வெளியே நிற்கும் மோட்டார் சைக்கிள்களின் வரிசையை ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் போவார். சாப்பாட்டுப் பந்தியில் யாராவது சிக்கினால், "ஒங்க முன்டயர்ல ஆணி ஏறியிருக்கு, பாத்தீங்களா?" என்று ஆரம்பிப்பார். ஸுல்கிஃப்லி பெண் பார்க்க வந்த நாளிலும் ரொஹானா அதைத்தான் செய்தாராம். "ரெண்டு டயரும் சமமா தேஞ்சிருந்துச்சு. அவசரப்படாத ஆளுன்னு தெரிஞ்சுச்சு. சரின்னு சொல்லிட்டேன்." பக்கத்துக் கடைக்கு அடிக்கடி தேநீர் குடிக்க வரும் என்னிடம் ரொஹானா இதைச் சொன்னபோது ஸுல்கிஃப்லி தலையைத் திருப்பிக்கொண்டார். ரொஹானா போன பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அது என் அண்ணனோட மோட்டாரு. இன்னும் சொல்லல."

போன அக்டோபரில் மழை பிடித்துக்கொண்ட நேரம், நான் ஸுல்கிஃப்லியின் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அமல்தாஸ் வந்தார். கியா பார்முக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அவர் மனைவி கத்தரீனுக்குக் கியா பார்மில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை. தினமும் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்குவார். மாலையில் அழைத்துக்கொண்டு ஏறுவார். அன்று கத்தரீனுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை; அவரும் கூடவே வந்திருந்தார்.

"பின்டயர் போத்தாக் ஆயிருச்சு. மாத்திக் குடு ரொஹானா, சீக்கிரம் போவணும்."

வழுக்கையாகிப்போன டயரை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வருடத்தில் அவருக்கு டயர் மாற்றுவது அது முதல் தடவையல்ல. ரொஹானா சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ரப்பர் அங்கங்கே அரத்தால் ராவியதுபோலத் தட்டையாக இருந்தது.

"அண்ணே, முன் பிரேக்க புடிக்கிறதே இல்லையா?"

"அது எதுக்கு? பின்னாடி மிதிச்சா நிக்கிது."

"நிக்கலண்ணே. சக்கரந்தான் நிக்கிது, வண்டி போய்க்கிட்டுத்தான் இருக்கு. ரோடு ரப்பர சொரண்டி எடுக்குது. எறக்கத்துல கியர வேற ஃப்ரீல விட்டுட்டு வர்றீங்க."

"தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான்லா வர்றாங்க. முன்டயர பாரு, வாங்குன மாதிரியே இருக்கு. ஒழுங்கா ஓட்டலன்னா அது இப்படி இருக்குமா?"

ரொஹானா முன்டயரில் நகத்தை அழுத்தினார். தடம் விழவில்லை. பக்கவாட்டை வளைத்தபோது மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. அதில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தேதியைப் பார்த்தார்.

"ஏழு வருசமாச்சு. தேயலதான், ஆனா காஞ்சு போச்சு. மழையில இது புடிக்காது. ரெண்டையும் மாத்துறேன். மாத்திட்டு சாவிய நான் வச்சிக்குவேன். முன் பிரேக்க புடிச்சு ஓட்டிக் காட்டிட்டு வாங்கிக்குங்க."

அமல்தாஸின் முகம் சிவந்துவிட்டது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மோட்டார் ஓட்டுனவன் நான். ஒருதடவ புடிச்சேன் அந்த பிரேக்க. ஃபேக்டரி ரோட்டுல, சேத்துல. மோட்டாரு அங்க கெடக்கு, நான் இங்க கெடக்குறேன். தோள் எலும்பு போச்சு. போதுமா?" சாவியை எடுக்கக் கையை நீட்டினார்.

அதுவரை என் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த கத்தரீன் எழுந்து போனார். கணவரைப் பார்க்காமல் ரொஹானாவிடம் பேசினார்.

"போன வாரம் பஸ்ஸுகிட்ட சறுக்குச்சே, அத சொன்னாரா?"

"கொஞ்சம் சறுக்குச்சு," என்றார் அமல்தாஸ்.

"என் முட்டி பஸ்ல இடிச்சுச்சு. நீங்க பாக்கல." கத்தரீன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "எறக்கம் முடியிற வரைக்கும் நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் வர்றேன். தெனமும்."

அமல்தாஸ் நீட்டிய கையை இறக்கிவிட்டார். பக்கத்தில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஸுல்கிஃப்லியும் நிறுத்திவிட்டார்.

"ஏன் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டார் அமல்தாஸ்.

"சொன்னா பஸ்ல வான்னு சொல்லிருவீங்க. எனக்கு ஒங்ககூட வரத்தான் புடிக்கும்."

அமல்தாஸ் கடை வாசலில் இருந்த காலி டின் மேல் உட்கார்ந்தார். ரொஹானா இரண்டு டயர்களையும் எடுத்து வந்து வேலையை ஆரம்பித்தார்.

இரவுச் சந்தை போடும் திடல் பகலில் காலியாகத்தான் கிடக்கும்; டயர் மாட்டி முடித்ததும் எல்லோரும் அங்கே போனோம். மழை விட்டிருந்தது. ரொஹானா முதலில் தானே ஓட்டிக் காட்டினார்.

"ரெண்டு வெரலு போதும். பட்டுன்னு புடிக்காதீங்க, எலுமிச்சம்பழம் புழியற மாதிரி மெதுவா. வண்டி நேரா போறப்ப புடிங்க, வளைஞ்சுக்கிட்டு புடிக்காதீங்க. சேறு தெரிஞ்சா, அதுக்கு முன்னாடியே வேகத்த கொறச்சிருங்க. எறக்கத்துல சின்ன கியரு. பாதி வேலைய எஞ்சினே பாத்துக்கும்."

அமல்தாஸ் ஓட்டினார். நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் விரல்கள் விறைத்து நின்றன, கால்தான் மிதித்தது. மறுபடியும் அப்படியே. மடக்கிய குடையோடு ஓரமாக நின்று கத்தரீன் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த சுற்றில் விரல்கள் மடங்கின. மோட்டாரின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்து, வண்டி சத்தமில்லாமல் நின்றது. அமல்தாஸ் பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு சுற்றுப் போனார்.

"புது டயர்ல ஒரு வழவழப்பு இருக்கும். அது போற வரைக்கும் மெதுவா போங்க," என்று சொல்லித்தான் ரொஹானா சாவியை விட்டார்.

அன்று மாலை மறுபடியும் மழை. ரொஹானா என்றுமில்லாமல் கடையைச் சீக்கிரம் சாத்தினார். காரணத்தை எனக்குச் சில வாரம் கழித்துத்தான் சொன்னார். "வெரல் கத்துக்கிச்சு, சரி. பயந்தா கால்தானே முந்தும்? மனசு கேக்கல. மேல போயி, கியா பார்ம் வளைவுல ஒரு கடைக்குள்ள நின்னுக்கிட்டேன்." அமல்தாஸ், மதியம் வேலைக்கு விட்டிருந்த மனைவியைக் கூட்டிப்போக மேலிருந்து இறங்கி வந்தார். முன்னால் போன காய்கறி லோரி சடாரென்று நின்றது. "நான் மூச்ச புடிச்சிக்கிட்டேன். அவரு நேரா, அழகா நிறுத்துனாரு. வண்டியோட வால்கூட ஆடல." அமல்தாஸ் தன்னைப் பார்ப்பதற்குள் ரொஹானா திரும்பி வந்துவிட்டார். இன்றுவரை அமல்தாஸுக்கு அது தெரியாது.

மழைக்காலம் முடிந்து, சீனப் புத்தாண்டுக் கூட்டமும் போய், மலையூர் கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில் அமல்தாஸ் காற்றடிக்க வந்தார். பின்டயர் இன்னும் நன்றாகவே இருந்தது.

"முன்னாடிதான் தேய ஆரம்பிச்சிருச்சு," என்றார், ஒரு குறையைச் சொல்வதுபோல.

"தேயட்டும்ணே. இப்பத்தான் அது வேலை செய்யுது."

கீழே இருக்கும் தானா ராத்தாவுக்கு ஒரு சாமான் வாங்கப் போவதாக அமல்தாஸ் சொன்னார். ரொஹானாவின் மகள் ஷஃபிகா புத்தகப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மதிய வகுப்பு தானா ராத்தாவில்தான். வகுப்புக்கு அழைத்துப் போகும் வேன் அன்று வரவில்லை. கடையிலோ இன்னும் மூன்று மோட்டார்கள் காத்திருந்தன.

"நான் எறக்கி விட்டுடட்டுமா?" என்று அமல்தாஸ் கேட்டார்.

பக்கத்துக் கடையிலிருந்து ஸுல்கிஃப்லி எட்டிப் பார்த்தார். மகளைத் தன் மோட்டாரைத் தவிர வேறு யார் மோட்டாரிலும் ஏற்றியதில்லை ரொஹானா. கணவருடையதிலும்கூட இல்லை.

ரொஹானா கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். உள்ளே போய் மகளின் தலைக்கவசத்தை எடுத்து வந்து, தாடைக்குக் கீழே வாரை இழுத்து மாட்டி, ஒரு விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்தார். பிறகு ஷஃபிகாவைத் தூக்கி அமல்தாஸின் பின்னால் உட்கார வைத்தார்.