சபைக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம்?

பனிச்சங்கேணிக்குப் பக்கத்தில், வாவிக்கரையோரமாக ஒரு சிறிய மெதடிஸ்த ஆலயம் இருக்கிறது. அதன் வளவுக் கதவைத் திறந்து பூட்டுகிறவர் மங்கையற்கரசி. இறால் உரித்துப் பிழைப்பவர். கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தங்கை சீதேவி இன்றும் பிள்ளையார் கோயிலுக்குத்தான் போகிறாள்.

ஒரு கடும் வறட்சியில் ஊர்க் கிணறுகள் எல்லாம் உவர்த்துப்போயின. ஆலயக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தது. சீதேவியின் தெருவாட்களும், ஓட்டமாவடியிலிருந்து வந்து குடியிருந்த முஸ்லிம் மீன் வியாபாரி நளீரின் வீட்டாரும் அங்கேதான் அள்ளினார்கள். தண்ணீர் அடிக்கு இறங்கியதும் சபைக் குழுத் தலைவர் கனகசிங்கம் வந்தார்.

“தங்கச்சி, இனிச் சபையாக்களுக்கு மட்டும் கதவத் திறங்க.”

“சபை எண்டா ஆரு அண்ணன்?”

“என்ன கதை கா இது? ஞாயிறு வாறவங்கதான்.”

அவர் சொன்னது பிழையென்று மங்கையற்கரசிக்குப் படவில்லை. சரியென்றும் படவில்லை. அன்று பின்னேரமே இளம் போதகர் சதீசனிடம் போனார்.

“ஐயா, ஆதிச் சபையில எல்லாத்தையும் பொதுவா வெச்சிருந்தாங்க எண்டு வாசிக்கிறமே. அவங்களுக்குள்ள மட்டும்தானா பொது?”

போதகர் யோசித்தார். “ஓமக்கா, விசுவாசிகளுக்குள்ளதான். முதல்ல உள்ளுக்க ஒற்றுமை வேணும், இல்லாட்டி வெளியில குடுக்க ஒண்டும் இரிக்காது எண்டு சொல்றாக்கள் இரிக்காங்க. தனக்காக மட்டும் கூடுற கூட்டம் சபையே இல்ல எண்டு சொல்றாக்களும் இரிக்காங்க. என்ட மனம் ரெண்டாவது பக்கம்தான். ஆனா எல்லாருக்கும் குடுக்கத் தண்ணி இல்லையே?”

“அள்றவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கதைச்சா என்ன?”

“கதைச்சுப் பாப்பம்.”

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தண்ணீர் அள்ளுகிறவர்கள் எல்லாரும் ஆலயத்தில் கூடினார்கள். நளீர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கனகசிங்கம் அவரைப் பார்க்கவேயில்லை.

“இது எங்கட சபை முடிவெடுக்கிற விசயம்,” என்றார் பொதுவாக.

“முடிவ நீங்களே எடுங்க அண்ணன்,” என்றார் நளீர். “கிணறு தூர்ந்து கிடக்கு. என்னட்ட தண்ணி இறைக்கிற மோட்டர் இரிக்கி. இறைச்சுப்போட்டுச் சேறெடுத்தா ஊத்துத் திறக்கும். நீங்க கதவப் பூட்டினாலும் நான் அதச் செஞ்சு தாறன்.”

மங்கையற்கரசிதான் எழுந்துபோய் அவருக்கு ஒரு கதிரை போட்டார்.

அந்தக் கிழமையே சபையாரும் சீதேவியின் தெருவாட்களும் நளீரின் வீட்டாரும் இறங்கிச் சேறெடுத்தார்கள். ஊற்றுத் திறந்தது, ஆனாலும் தண்ணீர் போதவில்லை. மறுபடியும் எல்லாரும் கூடிப் பேசி, எல்லா வீட்டுக்கும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், குளிக்க ஒருவருக்கும் இல்லை என்று முடிவானது. அதில் கோபித்துக்கொண்டு ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டுக்கு மங்கையற்கரசி இரண்டு தடவை போய்க் கூப்பிட்டார். வரவில்லை. எல்லாரையும் சேர்க்கப் போய் இருந்தவர்களை இழந்துவிட்டோமோ என்ற கவலை இன்னும் அவருக்கு உண்டு.

மாரி மழையோடு கிணறுகள் தேறின. ஆனால் எல்லாரும் கூடி ஊர்க் காரியம் பேசும் கூட்டம் நிற்கவில்லை. போன மாதம் காலை பஸ் நின்றுபோனபோது, கனகசிங்கம் நளீரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வாழைச்சேனை பஸ் டிப்போவுக்குப் போய் முறையிட்டுவிட்டு வந்தார். பஸ் இன்னும் வரவில்லை. அடுத்த முறை தானும் கூடப் போவதாக மங்கையற்கரசி சொல்லியிருக்கிறார்.