லைன் கட் ஆகலைங்க

மோகன்குமாருக்கு ‘ம’ வராது. மற்ற எழுத்துகளும் சில நேரம் மக்கர் பண்ணும். ஆனால் ‘ம’ என்றால் உதடு ஒட்டிக்கொண்டு திறக்கவே மறுக்கும். அவன் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்கித் தொலைத்தது. பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ என்றால் போதும், தப்பித்தான். காலேஜில் வாய்மொழித் தேர்வு வந்தபோது எழுதிக் காட்டிச் சமாளித்தான். பி.காமில் நல்ல மார்க் வாங்கியும், பனமரத்துப்பட்டியில் அப்பா சென்னியப்பனோடு அரளி மொட்டுப் பறிக்கிறவனாகவே நின்றுபோனான்.

தனியார் பேங்க் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னது அக்கா மஞ்சுளா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். அவள் சொல்லித்தான் ஆன்லைனில் விண்ணப்பித்தான். பதிலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. முதல் சுற்று இன்டர்வியூ போனில் நடக்கும், அடுத்த வாரம் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவோம் என்று இருந்தது. நேரில் என்றால், திக்கித் தவிக்கிற முகத்தைப் பார்த்தாவது எதிரில் இருப்பவர் பொறுத்துக்கொள்வார். போனில் முகம் ஏது? வெறும் மௌனம்தானே போகும்.

மஞ்சுளா விடவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து கூப்பிட்டு, பேங்க்காரி மாதிரி கேள்வி கேட்டாள். சேமிப்புக் கணக்குக்கும் நடப்புக் கணக்குக்கும் என்ன வித்தியாசம், ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்றெல்லாம். அவன் கடகடவென்று சொன்னான். அவளுக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. அக்காவிடம் அவன் எப்போதுமே திக்கியதில்லை. இதில் என்ன பழக்கம் வரப்போகிறது?

அதனால் அவனிடம் சொல்லாமல் கடைக் கணக்கர் முருகானந்தத்தைக் கூப்பிடச் சொன்னாள். தெரியாத நம்பர், தெரியாத ஆண் குரல், இங்கிலீஷில் வணக்கம். தோட்டத்தில் நின்றிருந்த மோகன்குமார் பேங்க்தான் என்று நினைத்துவிட்டான். ஒரு வார்த்தை பேசாமல் போனைக் கட் பண்ணிவிட்டான். வந்த வாய்ப்பைக் கையால் தட்டிவிட்டோம் என்று அன்று முழுக்க வெந்துகொண்டிருந்தான். சாயந்திரம் அக்கா உண்மையைச் சொன்னதும் கோபத்தில் அவளோடு பேச்சை நிறுத்தினான். அவளும் சமாதானம் பேசவில்லை.

“இன்னைக்குக் கூப்பிட்டது முருகானந்தண்ணன். நாளைக்கு நெசமாலுமே பேங்க்ல இருந்து கூப்புட்டா என்ன பண்ணுவே?” என்று மட்டும் கேட்டாள்.



வீட்டில் சிக்னல் சரியாக வராது என்பதால் காலைப் பறிப்பு முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய் உட்காருவான். செல்லைக் கையிலேயே வைத்திருப்பான். கடன் கம்பெனி விளம்பர அழைப்புக்குக்கூடச் சட்டென்று எழுந்து நின்றான். அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் அந்த அழைப்பு வந்தது. பெண் குரல், நிதானமான இங்கிலீஷ். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

‘மை நேம்’ என்று தொடங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று ‘ஐ ஆம்’ என்றே பழகி வைத்திருந்தான். ‘ஐ ஆம்’ வந்தது. அதற்கடுத்து பெயர். உதடு ஒட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. “ஹலோ? ஆர் யூ தேர்?” என்றது குரல். இன்னொரு ஹலோ. பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

திருப்பிக் கூப்பிட்டான். அந்த எண்ணுக்கு அழைப்புப் போகாது என்று பதிவுக் குரல் சொன்னது. திரும்பத் திரும்ப அதையே கேட்டுவிட்டுக் கரையில் குத்தவைத்து உட்கார்ந்தான். எழுந்து வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. போனால் சிக்னல் போய்விடும்.

வெயில் உச்சிக்கு ஏறியபின் அதே எண் மறுபடி வந்தது. லைன் கட்டாகிவிட்டது என்று அந்த அம்மா சொல்லத் தொடங்கியதும், பாடம் பண்ணியதையெல்லாம் விட்டுவிட்டுத் தமிழில் பேசினான். வழியெல்லாம் தடுக்கி விழுந்துதான் அந்த வாக்கியம் வந்து சேர்ந்தது.

“எனக்குத் திக்குவாய்ங்க மேடம். லைன் கட் ஆகலைங்க. சத்தம் வரலீன்னா கொஞ்சம் பொறுத்துக்கங்க, நான் பேசிட்டுத்தான் இருப்பேன்.”

அந்தப் பக்கம் தாளில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. முடிந்தது என்று நினைத்தான். “சரிங்க, மெதுவா சொல்லுங்க” என்றார் அவர்.

கேள்விகள் தமிழும் இங்கிலீஷுமாக வந்தன. சிலதற்குப் பாதியில் நின்றான், அவர் காத்திருந்தார். ஒன்றுக்கு விடையே தெரியவில்லை, தெரியாது என்றான். கோபமாக வரும் கஸ்டமரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார். “அவங்க பேசி முடிக்கட்டும்னு கேட்டுக்கிட்டு இருப்பேன்ங்க. நடுவுல பேசறது எனக்கு வராதுங்க” என்றான். அவர் சிரித்தாரா இருமினாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தான். ராத்திரி மஞ்சுளாவிடம் அவனாகப் போய்ப் பேசினான். அவளும் அது சிரிப்பா இருமலா என்று முடிவுசெய்ய முடியாமல் தவித்தாள்.

பல நாள் தகவலே இல்லை. பிறகு சேலத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். உள்ளே போனதும் முதல் வேலையாகத் தன் திக்கலைச் சொல்லிவிட்டான். மறுபடி காத்திருப்பு. வரும், வராது என்று மனசு ஊசலாடி அவன் இளைத்தே போனான். கடைசியில் ராசிபுரம் கிளையில் கணக்குத் தொடங்கும் பிரிவில் வேலை என்று உத்தரவு வந்தது.

அரளி வரிசைக்குள் நின்று அப்பாவிடம் சொன்னான். சென்னியப்பன் கை மொட்டை விட்டு நகரவில்லை.

“அப்ப மொட்டுப் பறிக்க வேற ஆளு பாக்கோணும்” என்றார். இன்னும் கொஞ்சம் பறித்துவிட்டு, ராசிபுரத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.